கேளுங்கள், மை காய்வதற்குள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கல்லூரியில் பதிப்போவியம் (தகட்டிலோ பலகையிலோ படம் செதுக்கி, மை பூசித் தாளில் அச்செடுக்கும் கலை) படிக்கிறவர்களிடமிருந்து. அதிலும் முதல் ஆண்டைத் தாண்டி, 'கொஞ்சம் தெரியும்' என்கிற ஆபத்தான இடத்தில் நிற்பவர்கள். முப்பத்தொரு ஆண்டுகள் அந்த இடத்தில் நின்றவர்களுக்குத்தான் நான் பாடம் நடத்தினேன். ஆகவே மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன். நீர்வண்ணக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தாள் சீக்கிரம் காய்ந்துவிடும், எங்களுடையது அப்படியல்ல.

முதல் ஆண்டில் லினோ என்ற மென்தகட்டைச் செதுக்குவது, மரச்செதுக்கு, உலோகத் தகட்டை அமிலத்தால் அரிக்கும் எட்சிங் என்று மாதம் ஒரு முறையைக் கற்றோம். இப்போது இரண்டாம் ஆண்டு. ஆசிரியர் ஆளுக்கு ஒரு துத்தநாகத் தகட்டைக் கொடுத்து, பருவம் முழுவதும் அதையே திருத்தித் திருத்தி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் அச்சு என எட்டு நிலைப் படிகள் காட்டச் சொல்கிறார். மூன்றாம் படியிலேயே எனக்கு அலுத்துவிட்டது. வேறு கல்லூரியில் படிக்கும் தோழி அதற்குள் நான்கு புது வித்தைகள் கற்றுவிட்டாள். ஆசிரியருக்குச் சோம்பலா, எனக்குப் பொறுமை இல்லையா?
— இரண்டாம் ஆண்டு மாணவி

இரண்டும் இருக்கலாம். ஆனால் அவர் கொடுத்திருப்பது சரியான வேலை.

முதல் ஆண்டில் நீங்கள் கற்றது கருவிகளின் பெயர்களை. எந்த உளி எப்படிக் கீறும், எந்த மை எவ்வளவு ஒட்டும் என்பதை. அதற்கு மாதம் ஒரு முறை போதும். இரண்டாம் ஆண்டில் கற்க வேண்டியது, நீங்களே எடுத்த படியைப் பார்த்து அதில் என்ன குறைகிறது என்று சொல்வது. இதற்குத் தகடு மாறக் கூடாது. தகட்டை மாற்றிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் புதுப் படம் கிடைக்கும். பழைய தவறுதான் புதுச் சட்டையில் வந்து நிற்கும்.

நான் மாணவியாக இருந்தபோது இதே தண்டனை எனக்கும் கிடைத்தது. எங்கள் கொல்லைக் கிணற்றை வரைந்தேன். கப்பி, கயிறு, வாளி, கிணற்றடியில் துவைக்கல், பின்னால் ஒரு முருங்கை மரம். முதல் படி அழகாக வந்தது, காலண்டர் படம் போல. என் ஆசிரியர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கிணற்றுக்குள் தண்ணீர் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். நான் கிணற்றின் வாயை ஒரு வெற்று வட்டமாக விட்டிருந்தேன்.

அந்த ஒரு கேள்விக்கு ஏழு நிலைகள் ஆயின. இரண்டாவதில் வாய்க்குள் கோடுகளை நெருக்கினேன். மூன்றாவதில், தூள் தூவி அமிலத்தால் அரித்து நிழல் ஏற்றும் அக்வாடிண்ட் போட்டு இருட்டினேன். இருட்டு அதிகமாகி முருங்கை மரம் பொம்மை மாதிரி ஆகிவிட்டது. முக்கோணச் சுரண்டியை எடுத்து மரத்தைச் சுரண்டினேன். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மெருகுக்கோலால் இரண்டு நாள் தேய்த்தேன். மணிக்கட்டு வீங்கியது. ஐந்தாவதில் வாளி போயிற்று. ஏழாவதில் மிஞ்சியது கிணற்றின் வாயும், கயிறும், உள்ளே ஆழத்தில் ஒரு நகக்கண் அளவு வெளிச்சமும். இன்றைக்கும் அந்தப் படியைச் சாய்த்துப் பார்த்தால் வாளி இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் தெரியும். உலோகம் எதையும் முழுசாக மறப்பதில்லை. அந்த நிழலுக்காகத்தான் இந்தக் கலையை விடாமல் இருந்தேன் என்று நினைக்கிறேன். பென்சிலால் வரைந்து அழித்தால் அது கிடைக்காது.

ரெம்பிராண்ட் 1653 இல் 'மூன்று சிலுவைகள்' என்ற படத்தை டிரைபாயிண்ட் முறையில், ஊசியால் நேரடியாகச் செம்புத் தகட்டில் கீறிச் செய்தார். அப்படிக் கீறும்போது கோட்டின் ஓரத்தில் உழவுசால் மண் போல உலோகப் பிசிறு எழும். மையைப் பிடித்துக்கொண்டு வெல்வெட் போன்ற கருமையைத் தருவது அந்தப் பிசிறுதான். அழுத்தத்தில் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். தகடு தேய்ந்த பிறகு அவர் அதைத் தூக்கி எறியவில்லை. நான்காம் நிலையில் கூட்டத்தில் நின்ற பல உருவங்களைச் சுரண்டி எடுத்துவிட்டு, மேலிருந்து கீழாக இருட்டைக் கொட்டினார். முந்தைய நிலைக்கும் இதற்கும் நடுவே படமே வேறாகிவிட்டது. இரண்டின் நகல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு உங்கள் மூன்றாம் படியைப் பாருங்கள். அலுப்பு தகட்டிலா, உங்கள் துணிச்சலிலா என்பது தெரிந்துவிடும்.

செய்முறையாக ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு நிலையிலும் இரண்டு படிகள் எடுங்கள். ஒன்றைத் தொடாமல் வையுங்கள். மற்றொன்றின் மேல் கரிக்கோலாலும் வெள்ளைச் சாக்காலும் அடுத்த நிலையை வரைந்து பாருங்கள். தகட்டைத் தொடுவதற்கு முன் தாளில் தவறு செய்வது மலிவு. எட்டு நிலைகளையும் தேதி போட்டுச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். உங்கள் தோழி நான்கு வித்தைகள் கற்றதற்கு வாழ்த்துகள். அவரைப் பிறகு பேச்சுக்கு இழுக்கலாம்.

அக்வாடிண்டில் மிக நீண்ட நேரம் அமிலத்தில் விட்ட பகுதிதான் மிகக் கருப்பாக வர வேண்டும் என்று படித்தேன். எனக்கு அது மங்கிய சாம்பலாக வருகிறது. ஓரம் மட்டும் கருப்பு. கடைசி நேரத்தில் செய்த வேலை, மதிப்பெண் போய்விட்டது.
— மாணவர், மூன்றாம் பருவம்

ரோசின் என்ற பிசின் தூளைத் தூவி, கீழிருந்து சூடு காட்டினால் ஒவ்வொரு துகளும் உருகிச் சிறு குமிழாகத் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். அமிலம் அந்தக் குமிழ்களுக்கு இடையே அரிக்கும். மை நிற்பது அந்தப் பள்ளங்களில். உங்கள் தகட்டை அதிக நேரம் விட்டதில் அமிலம் குமிழ்களின் அடிவயிற்றையும் அரித்து, அவற்றைப் பிடுங்கிவிட்டது. இப்போது அங்கே இருப்பது வழுவழுப்பான ஒரே பள்ளம். துணியால் துடைக்கும்போது நடுவில் இருக்கும் மை வந்துவிடும். சுவரோரத்தில் ஒதுங்கியது மட்டும் நிற்கும். நீங்கள் பார்த்த கருப்பு ஓரம் அதுதான். தகடு பாழாகவில்லை. நன்றாக எண்ணெய்ப் பசை போகத் துலக்கி, அந்த இடத்தில் மட்டும் மறுபடி ரோசின் போட்டு அரிக்க விடுங்கள்.

இன்னொரு தவறும் நடக்கும். சூடு அதிகமானால் குமிழ்கள் ஒன்றோடொன்று கலந்து கண்ணாடிப் படலமாகிவிடும். அமிலம் உள்ளே போகாது. படி வெள்ளையாக வரும். வெள்ளைத் தூள் ஒளி ஊடுருவும் நிலைக்கு மாறிய நொடியில் சூட்டை எடுத்துவிட வேண்டும். பால் பொங்குவதற்கு முன் அடுப்பை அணைக்கிறீர்களே, அதே கவனம். தூவும்போது முகக்கவசம் கட்டாயம். தூள் மிதக்கும் அறையில் நெருப்பைக் கொண்டுவரக் கூடாது. அந்தத் தூள் சட்டெனப் பற்றிக்கொள்ளும்.

நேரத்தை மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள், என்னிடமும். இரண்டு அங்குல அகலத் துண்டுத் தகடு ஒன்றில் சோதனை செய்யுங்கள். முதல் கட்டம் 5 நொடி, அடுத்தது 10, பிறகு 20, 40, 80 என்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் வார்னிஷ் பூசி மூடிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அச்செடுத்து நோட்டில் ஒட்டி, பக்கத்தில் தேதியையும் வெயிலா மழையா என்பதையும் எழுதுங்கள். அமிலம் சூட்டில் வேகமாகக் கடிக்கும். மார்கழியில் எழுதிய நேரத்தை வைத்துக்கொண்டு சித்திரையில் தகட்டை இறக்கிய ஒரு வகுப்பையே நான் பார்த்திருக்கிறேன். அந்த வகுப்பின் ஆசிரியை நான்தான்.

கோயா 1799 இல் வெளியிட்ட 'கப்ரிச்சோஸ்' தொகுப்பில் 80 படங்கள். பல படங்களில் வானம் என்று தனியாக எதுவும் இல்லை. ஒரே சீரான அக்வாடிண்ட் சாம்பல்தான். அந்தச் சாம்பலுக்கு முன்னால் முகங்கள் எப்படி வெளுக்கின்றன என்று கவனியுங்கள். கருப்பைத் தேடுவதற்கு முன் ஒரு நல்ல சாம்பலைச் செய்யப் பழகலாம்.

ஒரே லினோவைப் படிப்படியாகச் செதுக்கி நான்கு நிறம் அச்சிட்டேன். மூன்றாம் நிறம் 3 மி.மீ. நகர்ந்துவிட்டது. மழைக்காலத்தில் தாள் விரிந்ததால் என்கிறார் நண்பர்.
— வாழையிலை வரைந்தவன்

தம்பி, இவ்வளவு நகர்வை மழையின் தலையில் கட்ட முடியாது. உங்கள் படிகளையெல்லாம் மேசையில் பரப்புங்கள். எல்லாப் படியிலும் ஒரே பக்கம், ஒரே அளவு நகர்ந்திருந்தால் தாளை நிறுத்தும் தடுப்புக்கட்டை இடம் மாறியிருக்கிறது, அல்லது தாளை நீங்கள் வேறு மூலையிலிருந்து வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு திசை என்றால் குற்றம் கையுடையது. ஒரு ஓரத்தில் சரியாக இருந்து எதிர் ஓரத்துக்குப் போகப் போக விலகல் கூடினால் மட்டும் தாள் விரிந்தது என்று சொல்லலாம். அப்போது மழையைத் திட்டுங்கள்.

ஜப்பானிய மர அச்சுக்காரர்கள் கென்டோ என்று இரண்டு வெட்டுகளைப் பலகையிலேயே வைத்தார்கள். ஒன்று தாளின் மூலைக்கு, 'ட' வடிவத்தில். மற்றொன்று அதே விளிம்பில் சற்றுத் தள்ளி, நேர்கோடாக. அதற்கு மேல் நம்பகமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. தாளின் அந்த மூலைக்குப் பின்புறம் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்துவிடுங்கள். நான்கு நிறத்துக்கும் அதே மூலைதான். எட்சிங்குக்கு ஊறிய தாள் வேண்டும். இதற்கு உலர்ந்த தாள் போதும், உலர்ந்த தாள்தான் வேண்டும்.

பத்துப் படிகள் தேவை என்றால் முதல் நிறத்தைப் பதினைந்தில் அடியுங்கள். இந்த முறையில் செதுக்கியபின் திரும்பிப் போக வழியில்லை. முதல் நிறத்தை மறுபடி அடிக்க, அந்த லினோ இப்போது இல்லை. பிக்காசோ 1950களின் கடைசியில் இந்த முறையில் ஏராளமாகச் செய்தார் என்பதைச் சொல்லி மாணவர்களுக்குத் தைரியம் கொடுப்பது என் வழக்கம். அவருக்கு அச்செடுக்கத் தேர்ந்த கைகள் பக்கத்தில் இருந்தன என்பதை அடுத்த வகுப்பில்தான் சொல்வேன்.

பொங்கல் வாழ்த்து அட்டைக்கு லினோ செதுக்கினேன். எழுத்து எல்லாம் கண்ணாடியில் தெரிவது போல வந்துவிட்டது.
— வெட்கப்படுகிறவள்

'பொ' வில் கொம்பும் காலும் இடம் மாறி நின்றிருக்கும். நடுவில் உள்ள 'ப' மட்டும் தப்பித்திருக்கும். எல்லோருக்கும் ஒரு முறை நடப்பது இது.

மெல்லிய தாளில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். எழுதிய பக்கத்தை லினோவின் மேல் கவிழ்த்து, கரண்டியின் முதுகால் தேயுங்கள். எழுத்து தானே திரும்பி லினோவில் ஒட்டிக்கொள்ளும். செதுக்குமுன் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரில் வையுங்கள். லினோ கெட்டியாக இருந்தால் பத்து நிமிடம் வெயிலில் போடுங்கள். வெண்ணெய் போல ஆகும். உளியின் பாதையில் மற்றக் கையை வைக்காதீர்கள்.

எழுத்தாவது உடனே தெரிந்துவிடும். என் மாணவர் ஒருவர் கல்யாணப் பந்தி ஒன்றைத் தகட்டில் வரைந்தார். இலை, அப்பளம், வரிசையாக நாற்பது பேர், ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு விதம். மூன்று வாரம் உழைத்து அச்செடுத்தால், நாற்பது பேரும் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கண்காட்சிக்கு அதைத்தான் வைத்தோம்.

விஸ்காசிட்டி முறை என்றால் என்ன? ஒரே தகட்டில், ஒரே அழுத்தத்தில் பல நிறம் எப்படி வரும்? ஆசிரியர் விளக்கினார், புரிந்தது போல் தலையாட்டிவிட்டேன்.
— தலையாட்டி

தலையாட்டியதை ஒப்புக்கொண்டதற்காக நீண்ட பதில்.

தகட்டை முதலில் ஆழமாக அரிக்க வேண்டும். மேடு, நடுத்தளம், பள்ளம் என்று நிலப்பரப்பு போல. பள்ளத்தில் ஒரு நிற மையைத் தேய்த்து ஏற்றி, மேற்பரப்பைத் துடைத்துவிடுவீர்கள். பிறகு இரண்டு ரோலர்கள். கெட்டியான ரோலர் மேட்டை மட்டும் தொடும். மென்மையான ரோலர் அமுங்கி நடுத்தளம் வரை இறங்கும். இது பாதி வித்தை.

மீதிப் பாதி மையில் இருக்கிறது. கெட்டி ரோலரில் உருட்டும் மையில் ஆளிவிதை எண்ணெய் அதிகம்; தோசை மாவு போல ஓடும். மென்மையான ரோலரில் உருட்டும் மையில் எண்ணெய் குறைவு. பாகு முற்றியது போல இழுக்கும். எண்ணெய் மிகுந்த மை ஏற்கெனவே உட்கார்ந்த இடத்தில் இந்த இறுகிய மை ஒட்டாது, விலகிப் போகும். மை இல்லாத நடுத்தளத்தில் போய் ஒட்டும். ஆகவே மூன்று நிறமும் ஒன்றோடொன்று குழம்பாமல் தகட்டில் இருக்கும். எந்திரத்தில் ஒரே தடவை ஓட்டினால் போதும். வரிசையை மாற்றி, இறுகிய மையை முதலில் உருட்டினால் இரண்டும் கலந்து வேறு நிறம் பிறக்கும். அதுவும் சில நேரம் நன்றாகவே இருக்கும்.

இதைப் பாரிசில் ஆங்கிலேயப் பதிப்போவியர் ஹேட்டரின் அட்டெலியே 17 என்ற பட்டறையில் வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் நம் கிருஷ்ணா ரெட்டி. 1925 இல் ஆந்திரத்தில் பிறந்து, சாந்திநிகேதனில் படித்து, 1940களின் இறுதியில் சென்னைக் கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்தவர். 2018 இல் நியூயார்க்கில் காலமானார். சிற்பமும் பயின்றவர் என்பதால் தகட்டைச் செதுக்க வேண்டிய பொருளாகவே பார்த்தார். அவர் தகடுகளின் மேல் விரலை ஓட்டினால் பிரெயில் போல இருக்கும் என்று என் ஆசிரியர் சொல்வார்.

ஒரு தடை சொல்லிவிடுகிறேன். ரோலர் ஒரே சுற்றில் தகடு முழுவதையும் கடக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் சுற்றின் தடம் படத்தில் கோடாக விழும். அவ்வளவு பெரிய ரோலர் விலை அதிகம், உங்கள் கல்லூரியில் இல்லாமலிருக்கலாம். அப்படியானால் உள்ளங்கை அளவுத் தகட்டில் செய்யுங்கள். சிறிய தகட்டில் புரியாதது பெரிய தகட்டில் புரியப்போவதில்லை.

என் மகள் அமில அறையிலிருந்து இருமலோடு வருகிறாள். மின்விசிறி ஓடவில்லையாம். கலை படிக்க அனுப்பியதே தவறோ என்று தோன்றுகிறது.
— ஒரு தந்தை

ஐயா, இதில் விளையாட்டாகப் பதில் சொல்ல எதுவுமில்லை. நைட்ரிக் அமிலம் துத்தநாகத்தை அரிக்கும்போது வாயு எழும். தகட்டின் மேல் குமிழ் திரளும், அதைக் கோழி இறகால் தள்ளிக்கொண்டே இருப்போம். அதற்காகக் குனிகிற முகம் நேராக அந்த வாயுவுக்கு மேல்தான் இருக்கும். பழுப்புப் புகை கண்டால் அமிலம் மிகக் காரமாக இருக்கிறது என்று பொருள், அறையை விட்டு வெளியேற வேண்டும். காற்றை வெளியே இழுக்கும் விசிறி ஓடாத அறையில் அந்த வேலை செய்யவே கூடாது. மகளிடம் சொல்லி, வகுப்பு முழுவதும் கையெழுத்திட்டுத் துறைத் தலைவருக்கு எழுதச் சொல்லுங்கள். ஒருவர் எழுதினால் அது குறை. இருபது பேர் எழுதினால் கோப்பு. நான் வேலை பார்த்த இடத்தில் மூன்று ஆண்டுகள் ஓடாத விசிறியின் மேல் காலண்டர் மாட்டி வைத்திருந்தார்கள். அந்தக் காலண்டரைக் கழற்றியவர்கள் மாணவர்கள்தான், ஆசிரியர்கள் அல்லர். அதில் எனக்குப் பெருமை இல்லை.

அதுவரை வேலை நிற்க வேண்டியதில்லை. துத்தநாகத்தை மயில்துத்தத்தாலும் அரிக்கலாம். உழவர்கள் மருந்தடிக்கக் கலக்குகிறார்களே, அதே நீலக்கல். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் மயில்துத்தம், 50 கிராம் சமையல் உப்பு. உப்பு விழுந்ததும் நீலம் பச்சையாக மாறும். மூச்சை அடைக்கும் புகை வராது. செம்பு பழுப்புக் கசடாகத் தகட்டில் படியும். மெல்லிய தூரிகையால் தள்ளிவிட வேண்டும். கோடு சற்றுச் சொரசொரப்பாக வரும். எனக்கு அது பிடிக்கும். நஞ்சுதான் என்பதால் கையுறை வேண்டும், சமையல் பாத்திரம் கூடாது, வடித்த நீரைச் செடியிலோ சாக்கடையிலோ ஊற்றக் கூடாது.

நைட்ரிக் அமிலத்தையே கலக்க நேர்ந்தால் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. மகளுக்கு இது தெரிந்திருக்கும். இருந்தாலும் இன்றிரவு ஒரு முறை கேளுங்கள்.

இருமல் தொடர்ந்தால் மருத்துவரிடம் அமிலத்தின் பெயரைச் சொல்லிக் காட்டுங்கள்.

1/10 என்று எழுதிவிட்டு நான்கு படிகள்தான் எடுத்தேன். விற்றதும் மீதியை எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். தவறா?
— இறுதியாண்டு மாணவர்

பத்து என்று எழுதினால், பத்துப் படிகள் ஒன்றுபோல இருக்கின்றன என்று நீங்கள் வாக்குக் கொடுக்கிறீர்கள். ஆறு மாதம் கழித்து அதே மை, அதே தாள், அதே கை உங்களுக்குக் கிடைக்குமா? இப்போதே எடுங்கள். ஒன்பதாவது படியில் வரும் அலுப்பும் பாடத்தில் சேர்த்திதான்.

படத்தின் கீழே பென்சிலால் இடப்பக்கம் எண், வலப்பக்கம் கையொப்பம். தலைப்பு இருந்தால் நடுவில். உங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் ஓரிரு கலைஞர் படிகளுக்கு ஏ.பி. என்று குறியுங்கள். பத்துக்கு ஏழு ஏ.பி. வைப்பவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களுக்குக் கணக்குப் பாடம் வேறு இடத்தில் நடக்கட்டும். பதிப்பு முடிந்ததும், இனி அதில் நல்ல படி எடுக்க முடியாதபடி தகட்டின் குறுக்கே ஒரு கோடு கீறி, கீறிய தகட்டிலிருந்து ஒரு படி எடுத்து வையுங்கள். கீறும்போது வயிற்றைப் பிசையும்.

மை கசிந்த படி ஒன்றை 'வேண்டுமென்றே செய்தது' என்றேன். ஆசிரியர் நம்பவில்லை.
— நம்பிக்கையுள்ளவன்

அதே கசிவோடு இன்னும் நான்கு எடுத்துக் காட்டுங்கள். நம்புவார்.

பார்க்க வேண்டிய இந்தியப் பதிப்போவியர்கள் யார்?
— முதுகலை மாணவி

என் விருப்பத்தைச் சொல்கிறேன், இது பட்டியல் அல்ல. மரச்செதுக்கில் வங்கத்தின் ஹரேன் தாஸ். ஒரு குளத்து நீரை எத்தனை மெல்லிய கோடுகளால் அசைக்கலாம் என்று அவரிடம் பார்க்கலாம். லினோவில் சித்தப்பிரசாத், கருப்பு வெள்ளையில் கோபம் எப்படி இருக்கும் என்பதற்கு. தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பன், கோடு என்பது நகர்ந்துபோன ஒன்றின் தடம் என்று அவர் படங்கள் முன் நின்றால் தோன்றும்.

எல்லோரையும் விட சோம்நாத் ஹோரின் 'காயங்கள்' வரிசை. மெழுகிலும் களிமண்ணிலும் கத்தியால் கீறி, சூடு வைத்து, அதிலிருந்து சிமெண்ட் அச்சு வார்த்து, காகிதக் கூழை அதில் அழுத்தி எடுத்தார். பல படங்களில் மையே கிடையாது. வெள்ளைத் தாளில் வெள்ளைக் காயம். புத்தகத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நேரில், பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

படிப்பு முடிகிறது. வீட்டில் அச்சு எந்திரம் இல்லை, வாங்கவும் வழியில்லை. எல்லாம் இதோடு முடிந்ததா?
— விடைபெறுகிறவள்

லினோவுக்கும் மரச்செதுக்குக்கும் எந்திரம் வேண்டாம். மை உருட்டி, மெல்லிய தாளை மேலே வைத்து, மரக்கரண்டியின் முதுகால் வட்டம் வட்டமாகத் தேயுங்கள். தாளின் பின்புறம் படம் மங்கலாகத் தெரியத் தொடங்கும். தெரியாத இடத்தில் இன்னும் தேய்க்க வேண்டும். எந்திரத்தை விட இது ஒரு வகையில் நல்லது, இடத்துக்கு இடம் அழுத்தத்தை நீங்களே கூட்டிக் குறைக்கலாம். தாளுக்குப் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் கைத்தாளை முயன்று பாருங்கள். மெல்லிய ரகமாகக் கேளுங்கள். தடித்தது கரண்டிக்குப் பணியாது. மையைத் துடைக்க மண்ணெண்ணெய் வேண்டாம். சமையல் எண்ணெயில் மையைக் கரைத்துப் பழந்துணியால் எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.

எட்சிங்குக்கு எந்திரம் வேண்டும். சென்னையில் இருந்தால் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்துக்குப் போங்கள். அங்கே பதிப்போவியக் கூடம் இருக்கிறது. கட்டணத்தையும் நேரத்தையும் தொலைபேசியில் கேட்காமல் நேரில் போய்க் கேளுங்கள், உங்கள் படிகளையும் எடுத்துக்கொண்டு. 1850 இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி இன்று அரசு கவின் கலைக் கல்லூரி. அங்கே படித்தவர்கள் பலர் இன்னும் நகரத்தில் சிறு பட்டறைகள் வைத்திருக்கிறார்கள். தகடு துடைக்க ஆள் தேவைப்படாத பட்டறையை நான் கண்டதில்லை.

மரக்கரண்டிக்கு வீட்டு அகப்பையை எடுப்பதானால் ஒன்று. எடுத்ததைத் திருப்பி அடுக்களையில் வைக்காதீர்கள், எவ்வளவு கழுவியிருந்தாலும். நான் வைத்தேன். மாமியார் அதைச் சாம்பாரில் விட்டார். அன்று நீல மை.